பழைய செங்கல் சிம்னிகளில் ஏறியவர்கள் சொல்லுங்கள்: மேலே என்ன பார்த்தீர்கள்?

உயரமான பழைய செங்கல் புகைபோக்கிகளைப் பரிசோதிப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் சிலராவது இங்கே இருப்பீர்கள். கீழே நின்று பார்த்தபோது ஒன்று, ஏறிப் பார்த்தால் வேறொன்று என்று ஆன அனுபவங்களைச் சொல்லுங்கள். என்னுடையதில் ஆரம்பிக்கிறேன்.

பழைய நூற்பாலை ஒன்றின் சிம்னி. எட்டுப்பட்டை அடிப்பகுதி, மேலே வட்டம். கொதிகலனை அணைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. டிரோன் எடுத்த படங்களில் சுவர் பளிச்சென்று இருந்தது. "படமே இவ்வளவு தெளிவா இருக்கே, ஆள் எதுக்கு ஏறணும்?" என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் டிரோனால் சுவரைத் தட்டிப் பார்க்க முடியாது.

கிரேன் கூடையில் ஏறி, சின்னச் சுத்தியலால் வரிவரியாகத் தட்டிக்கொண்டே இறங்கினோம். நல்ல செங்கல் கணீரென்று ஒலிக்கும், பிடிப்பு விட்ட செங்கலில் சத்தம் 'தொப்'பென்று அடங்கிவிடும். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தில் உச்சிப் பகுதி பூராவும் தொப் தொப்தான். செங்கல்களுக்கு நடுவே உள்ள கலவை இணைப்பு ஒன்றைக் கிளறினால் வெளியே ஓர் அங்குலத்துக்குப் புது சிமெண்டு, அதற்குப் பின்னால் பழைய சுண்ணாம்புக் கலவை ஈர மாவு மாதிரி விரலோடு வந்தது. படத்தில் அழகாகத் தெரிந்தது அந்த ஓர் அங்குலம்தான்.

அடுப்பு எரியும் வரை சிம்னிக்குப் பெரிய கவலை இல்லை. சூடு சுவரைக் காய வைத்துக்கொண்டே இருக்கும். சூடு குறைந்து, புகை ஏறக்குறைய 120 முதல் 150 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதிலுள்ள கந்தகம் அமிலமாகி உட்சுவரில் வேர்க்கும். அடுப்பை அடியோடு நிறுத்திவிட்டால் திறந்த வாய் வழியாக மழை இறங்கி, கரியில் படிந்திருக்கும் கந்தக உப்புகளைக் கரைத்துச் சுவருக்குள் ஊட்டும். கலவையில் சிமெண்டு இருந்தால் அதிலுள்ள அலுமினேட் என்ற சேர்மத்தோடு இந்த உப்பு சேர்ந்து கலவையை ஊதிப் பெருக்கும். அதிகம் நனையும் பக்கம் அதிகம் வீங்கும். அதனால் சிம்னி காய்ந்த பக்கமாக வளையும். ஓடாத சிம்னிக்கு என்ன கேடு வந்துவிடும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். கடைசியில் அந்தச் சிம்னியில் உச்சிப் பகுதியைக் கையால் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று.

*

நான் கொத்து வேலையிலிருந்து இதற்கு வந்தவன். முதல் பதிவில் சொன்ன 'ஓர் அங்குல சிமெண்டு' இல்லாத பழைய சிம்னியைப் பார்ப்பதே அபூர்வம். கெட்டியாக இருந்தால் நல்லது என்று யாரோ ஒருவர் நினைத்துச் செய்துவிட்டுப் போயிருப்பார். சுவருக்குள் போன ஈரம் இணைப்பு வழியாக வெளியே வர வேண்டும். அங்கே சிமெண்டை அடைத்தால் ஈரம் செங்கல் வழியாக வரும், வரும்போது உப்பையும் கொண்டுவரும். செங்கலின் முகம் செதில் செதிலாக உதிரும். சில வருடம் கழித்துப் பார்த்தால் சிமெண்டு மட்டும் வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்க, செங்கல் உள்ளே குழிந்து கிடக்கும்.

இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது ஆழமாகச் சுரண்டாமல் புதுக் கலவை வைக்கக் கூடாது. 10 மில்லிமீட்டர் இணைப்பென்றால் குறைந்தது 20, முடிந்தால் 25. நான் உளியால்தான் எடுக்கச் சொல்வேன். கிரைண்டரை விட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் செங்கல் ஓரமும் சேர்ந்து போய்விடும். அப்புறம் தூசியை ஊதி, நன்றாக நனைத்து, ஈரத்திலும் இறுகும் வகைச் சுண்ணாம்பில் கலவை போட்டு அழுத்தி வைக்க வேண்டும். அது சட்டென்று காயக் கூடாது என்பதால் ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும். 50, 60 மீட்டர் உயரத்தில் காற்றோடு மல்லுக்கட்டி ஈரச் சாக்கு கட்டுவது தனிக் கொடுமை. ஆளில்லாத நேரத்தில் அது அவிழ்ந்து பறந்துவிட்டால் அந்த வரியை மறுபடி சுரண்ட வேண்டியதுதான்.

*

என் வேலை சாய்வு அளப்பது. "எவ்வளவு சாய்ஞ்சிருக்கு?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதைவிட முக்கியம், சாய்வு கூடுகிறதா இல்லையா என்பது. நூறு வருடத்துக்கு முன்பே சாய்ந்து, அப்படியே நிலைத்துவிட்ட சிம்னிகள் உண்டு. எடை விழும் கோடு அடித்தளத்தின் நடுப்பகுதிக்குள் இருக்கும்வரை அவை நிற்கும். போன வருடத்தைவிட இந்த வருடம் கூடியிருந்தால்தான் எனக்குத் தூக்கம் போகும்.

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு திசைகளிலிருந்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக நின்று பார்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் அளப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் சிம்னி எதிர்ப்பக்கமாக லேசாக வளையும். காலை அளவையும் மத்தியான அளவையும் ஒப்பிட்டுப் பயந்து போனவர்களை எனக்குத் தெரியும். அடியிலிருந்தே நேர்கோடாகச் சாய்ந்திருந்தால் அஸ்திவாரத்தைச் சந்தேகப்படலாம். மேல்பகுதி மட்டும் வளைந்திருந்தால் கலவையைப் பாருங்கள், முதலில் பதிவிட்டவர் சொன்ன கதையாகத்தான் இருக்கும்.

நிமிர்த்த முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். செய்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் போர்ட் டன்டாஸ் என்ற இடத்தில் சுமார் 138 மீட்டர் உயரச் சிம்னி ஒன்று 1859-ல் கட்டிக்கொண்டிருக்கும்போதே புயலில் வளைந்துவிட்டது. காற்று வந்த பக்கத்தில் கலவை வரிகளை ரம்பத்தால் அறுத்தார்கள். சிம்னி தன் எடையிலேயே அந்தப் பக்கமாக உட்கார்ந்து நிமிர்ந்தது. கேட்க உற்சாகமாக இருக்கும். ஆனால் இங்கிலாந்தின் பிராட்போர்டில் நியூலேண்ட்ஸ் ஆலையின் சிம்னியையும் கட்டும் காலத்தில் இப்படித்தான் அறுத்து நிமிர்த்தினார்கள். இருபது வருடம் நின்றது. 1882 டிசம்பர் 28 காலையில் ஆலைமேல் விழுந்து 54 பேர் இறந்தார்கள், பலர் சிறு வயதுத் தொழிலாளர்கள். சுவர் புடைத்திருந்தது விழுவதற்கு முன்பே தெரிந்திருந்தது, பழுது வேலையும் நடந்துகொண்டிருந்தது. அடியில் ஆட்களை வேலை செய்யவிட்டபடியே மேலே பழுது பார்க்கிறோம் என்று யார் சொன்னாலும் இந்தத் தேதியைத்தான் சொல்லிக் காட்டுவேன்.

*

உள்ளே போனவர்கள் யாரும் வாய் திறக்கவில்லையே! அடியில் உள்ள துப்புரவுக் கதவைத் திறந்ததும் நுழைந்துவிடக் கூடாது. முதலில் வாயு அளக்கும் கருவியை உள்ளே நீட்ட வேண்டும். ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம், பக்கத்தில் வேறு கொதிகலன் ஓடினால் அதன் புகை, கொதிகலனையும் சிம்னியையும் இணைக்கும் அடிச்சுரங்கம் வழியாகக் கசியலாம். வெளியே ஓர் ஆள் நிற்காமல் நான் போவதே இல்லை. அணைந்த சிம்னியிலும் காற்று இழுக்கும். டார்ச் வெளிச்சத்தில் கரித்தூள் மெல்ல மேலே ஏறுவதைப் பார்க்கலாம்.

நல்ல சிம்னிகளில் உள்ளே தனியாக இன்னொரு சுவர் இருக்கும். சூட்டில் நீள்வதும் சுருங்குவதும் அந்த உள்சுவரோடு முடிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. ஒரு முறை, உள்சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தோம். இடைவெளி முழுக்க உடைசலும் சாம்பலும் கெட்டித்துப் போயிருந்தது. அப்படியே மறுபடி அடுப்பு மூட்டுவதாக இருந்தார்கள். உள்சுவர் நீள இடமில்லாமல் வெளிச்சுவரைத் தள்ளியிருக்கும், வெளியே நெடுக்கு விரிசல் விழுந்திருக்கும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் வெளியே இரும்புப் பட்டைகள் போடுகிறார்கள். அங்கே பட்டைகள் துருப்பிடித்துப் பாதி கனம்தான் இருந்தன. உடைசலை அள்ளி, பட்டைகளை மாற்றிய பிறகுதான் தீ. அதுவும் முதல் சில நாள் சிறு தீ மட்டும், ஊறியிருக்கும் ஈரம் மெல்லப் போகட்டும் என்று.

*

எங்கள் வேலையை நிறுத்தியது ஒரு பைரி வல்லூறு. சிம்னி வாய்க்குக் கொஞ்சம் கீழே, செங்கல் பெயர்ந்த மாடத்தில் முட்டை வைத்திருந்தது. கயிற்றில் தொங்குபவன் தலைக்கு மேல் அது ஒரு முறை பாய்ந்தால் போதும், அடுத்த நாள் ஏற ஆள் கிடைக்காது. பல நாடுகளில் கூட்டைக் கலைப்பது குற்றமும்கூட. குஞ்சுகள் பறக்கும்வரை காத்திருந்தோம். இப்போதெல்லாம் தேதி குறிப்பதற்கு முன்பே தொலைநோக்கியில் எச்சத் தடம் தேடுகிறேன்.

*

ஏணி வைத்து ஏறும் பழைய முறையை ஒருவர் கேட்டிருந்தார். சுவரில் துளை போட்டு, மர ஆப்பு அடித்து, அதில் இரும்புக் கொக்கியை இறக்கி, ஏணியைக் கட்டுவார்கள். அந்த ஏணியின் தலையில் நின்றுகொண்டே அடுத்த கொக்கிக்குத் துளை போட்டு, அடுத்த ஏணியைக் கயிற்றில் இழுப்பார்கள். உச்சியில் வெளியே பிதுங்கும் செங்கல் வளையத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். அங்கே ஏணி வெளிப்பக்கமாகச் சாயும், முதுகு கீழ்நோக்கி இருக்கும். இங்கிலாந்தின் போல்டன் ஊரில் இப்படிச் சிம்னி ஏறிப் பழுது பார்த்த பிரெட் டிப்னாவை 1979-ல் பிபிசி படம் பிடித்துக் காட்டியதால் இந்த வித்தை உலகத்துக்குத் தெரிந்தது.

நான் இப்போது கயிறும் கூடையும்தான். ஆனால் அந்தக் காலத்துக் கொக்கிகள் இன்னும் என்னை விடவில்லை. வேலை முடிந்ததும் கழற்றாமல் விட்டவை துருப்பிடித்துப் பருத்து, செங்கலைப் பிளக்கின்றன. கழற்றிய இடங்களில் மர ஆப்பு மக்கி ஓட்டையாகி, தண்ணீர் நேராகச் சுவரின் நடுவுக்குப் போகிறது. இடிதாங்கிப் பட்டையைச் சரிபார்க்கப் போகும்போதே இவற்றையும் பார்த்துவிடுவேன். இரும்பை அறுத்துவிட்டு மிச்சத்தை உள்ளேயே விடக் கூடாது. முழுதாக எடுத்து, மக்கிய மரத்தையும் சுரண்டி, சுண்ணாம்புக் கலவையை உள்வரை திணிக்க வேண்டும். கொத்து வேலைக்காரர் சொன்ன மாதிரி ஈரச் சாக்கும் அவசியம்.