செங்காந்தள்: விதை முளைக்கவில்லை, முளைத்த நாற்றும் காய்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?

வேலியோரம்:
வணக்கம். திண்டுக்கல் பக்கம் நாட்டுச்செடிகளுக்கென்று சின்னதாக ஒரு நாற்றங்கால் வைத்திருக்கிறேன். கிளுவை வேலி இருந்தவரை எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் செங்காந்தள் தானாகப் படர்ந்து பூக்கும். வேலியை எடுத்துவிட்டுக் கம்பி கட்டிய பிறகு செடியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. பெயர் என்னவோ மாநில மலர்! கிழங்கு வாங்கலாம் என்றால், யாராவது காட்டில் தோண்டியதாக இருக்குமோ என்று மனசு கேட்கவில்லை. அதனால் விதையிலிருந்துதான் வளர்க்க வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன்.

இரண்டு சிக்கல். மார்கழியில் காய் வெடித்ததும் எடுத்த விதையைத் தை மாதமே குழித்தட்டில் போட்டேன். கோகோபீட்டும் மணலும் கலந்த கலவை. பங்குனி முடியப்போகிறது, ஒரு முளைகூட இல்லை. கிளறிப் பார்த்தால் விதை அழுகவில்லை, கெட்டியாகவே இருக்கிறது.

அடுத்தது, போன ஆடியில் போட்ட பழைய விதை. அதில் கொஞ்சம் முளைத்தது, ஆனால் ஒவ்வொன்றிலும் ஓரிரு இலைதான். கார்த்திகைக்குப் பிறகு மஞ்சளாகி, தை முடிவதற்குள் முழுக்கக் காய்ந்துவிட்டது. இப்போது தட்டில் வெறும் மண்தான் தெரிகிறது. கொட்டிவிட்டு வேறு விதைக்கலாமா?

மூலனூர்த் தோட்டம்:
கொட்டிராதீங்க தம்பி! அது சாகலை, தூங்குது. செங்காந்தள், அதான் நாங்க சொல்ற கண்வலிக்கிழங்கு, அதோட குணமே அதுதான். மழைக்கு எழும்பும், பூத்துக் காய்ச்சதும் மேலே இருக்கறது எல்லாம் காஞ்சிரும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள கிடக்கும். விதை நாத்தும் அப்படித்தான். முதல் வருஷம் அந்த ஓரிரு இலையை வெச்சுத்தான் கிழங்கு கட்டும். தட்டோட ஓரத்துல ஒரே ஒரு குழியை மட்டும் விரலால மெதுவா விலக்கிப் பாருங்க. பட்டாணி அளவுல வெள்ளையா, அமுக்கினா கெட்டியா இருந்தா உயிர் இருக்கு. கொழகொழன்னு இருந்தா அது தண்ணி ஊத்தி அழுகினது.

தண்ணியை இப்பவே நிறுத்துங்க. தூங்குற கிழங்குக்கு ஈரம்தான் எமன்.

நாட்டுச்செடிப் பண்ணை:
அண்ணன் சொன்னது சரி. முளைக்காத விதைக்கு வருகிறேன். செங்காந்தள் விதைக்கு உறக்கக் காலம் உண்டு. காயிலிருந்து எடுத்த சூட்டோடு போட்டால் பெரும்பாலும் முளைக்காது, சில மாதம் உலர்ந்த நிலையில் கிடந்து பக்குவப்பட வேண்டும். உங்கள் பழைய விதை முளைத்ததும் புது விதை முளைக்காததும் இதனால்தான். விதை கெட்டியாக இருக்கிறது என்கிறீர்களே, அது நல்ல சேதி. சலித்து எடுத்து நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு வையுங்கள்.

வைகாசிக் கடைசியில் எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் சிவப்புத் தோலை மணலோடு தேய்த்துக் கழுவிவிடுங்கள். உப்புத்தாளில் லேசாக ஒரு உரசல் உரசினாலும் நல்லது, உள்ளே தண்ணீர் இறங்கும். ஒரு ராத்திரி வெதுவெதுப்பான நீரில் ஊறட்டும். அப்புறம் விதை மூடுகிற அளவு மண் போட்டால் போதும். அப்போதும் எல்லாம் ஒன்றாக முளைக்காது. ஒன்று சீக்கிரம் வரும், இன்னொன்று மாதக்கணக்கில் இழுக்கும். சில விதை அடுத்த மழைக்குத்தான் தலைகாட்டும். அதனால் எந்தத் தட்டையும் ஒரு பருவத்தோடு கைவிடாதீர்கள்.

இன்னொன்று, குழித்தட்டு இதற்கு ஆகாது. கிழங்கு வருஷா வருஷம் ஆழத்துக்கு இறங்கும், பெரிதாகும்போது கலப்பை மாதிரி இரண்டு கையாகப் பிரியும். முளை அந்தக் கையின் நுனியில்தான் இருக்கிறது. மாற்றி நடும்போது நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. உயரமான பாலித்தீன் பையில் செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழுவுரம் கலந்து வையுங்கள். மாற்றுவதாக இருந்தால் இப்போதே, அது தூங்கும்போதே மாற்றிவிடுங்கள்.

வேலியோரம்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. ஓரக்குழியைப் பார்த்தேன். வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறது! எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. பூ வர எத்தனை வருஷம் ஆகும்? அடுத்த முறை விதை கூடுதலாகக் கிடைக்கவும் வழி உண்டா? வேலிச்செடியில் பூ நிறைய வந்தாலும் காய் கொஞ்சம்தான் பிடிக்கிறது.

மூலனூர்த் தோட்டம்:
விதையில இருந்துன்னா மூணாவது வருஷ வாக்குல பூ எதிர்பார்க்கலாம். முதல்ல வர்ற இலையில நுனிச்சுருள் இல்லையேன்னு பயப்படாதீங்க, கொடி ஏறத் தொடங்கினா வந்துரும். அப்போ ஒரு கிளுவைக் குச்சி நட்டு விடுங்க.

காய்க்கு, பூவை நல்லா உத்துப் பாருங்க. இதழ் எல்லாம் மேல நோக்கி மடங்கி நிக்கும், சூல்தண்டு மட்டும் அடியில மடிஞ்சு பக்கவாட்டுல வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். மகரந்தம் தானா அதுமேல விழறது கஷ்டம். அதனால எங்க பக்கம் காலையில ஆள் விட்டு ஒரு பூவோட மகரந்தத்தை இன்னொரு பூவோட சூல்முடியில தொட்டு வைக்கிறோம். கீல்வாத மருந்துக்கான கோல்சிசின் இந்த விதையில இருந்துதான் எடுக்கறாங்க, அதான் இவ்வளவு பாடு. நீங்க நாலு பூவுக்குச் செஞ்சாலே நாத்துக்கு வேண்டிய விதை கிடைச்சிரும். வேற வேற செடியில இருந்து மாத்தித் தொடுங்க.

கடலோரக்காரி:
வேதாரண்யம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். செடி முழுக்க விஷம், கிழங்கும் விதையும் ரொம்பவே மோசம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பையில் பெயரோடு 'விஷம்' என்றும் எழுதி ஒட்டுங்கள். கையுறை போட்டுத்தான் கிழங்கைத் தொட வேண்டும். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மழைக்காலத்தில் இலையடியையும் பாருங்கள். கறுப்பு உடம்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளியோடு ஒரு புழு வரும், இளம் நாற்றை ஒரே நாளில் மொட்டையாக்கிவிடும். மருந்தெல்லாம் வேண்டாம், காலையில் பொறுக்கி எடுத்தாலே போதும்.

வேலியோரம்:
குறித்துக்கொண்டேன் அக்கா. இந்த வாரமே பைக்கு மாற்றிவிட்டு நிழலில் வைக்கிறேன். வேலிக்கு எந்த வயதில் கொண்டுபோய் நடலாம்?

நாட்டுச்செடிப் பண்ணை:
இரண்டு முறை காய்ந்து எழும்பட்டும். அதன்பின் ஆனி, ஆடியில் முதல் மழை விழுந்ததும் பை மண் உதிராமல் நடுங்கள். வெறும் கம்பி வேலி என்றால் கூடவே கிளுவைப் போத்தும் ஊன்றிவிடுங்கள்.