ஒத்தைப் பாம்படம்: இன்னொண்ணு எங்க போச்சு?

கொளப்பள்ளிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நகை விவரம் தெரிஞ்சவங்க, சிலோன்ல இருந்து வந்த குடும்பத்துக்காரங்க, யாராச்சும் கொஞ்சம் உதவுங்க.

எங்க அப்பத்தா போய்ச் சேந்து ரெண்டு வருசம் ஆச்சு. டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லயத்து வீட்டை, அதான் தொழிலாளிங்களோட வரிசை வீட்டை, காலி பண்ணும்போது அவங்க தகரப்பெட்டியில, பழைய ஸ்வெட்டர் கைக்குள்ள, மஞ்சத் துணி முடிச்சு ஒண்ணு கிடைச்சுச்சு. பிரிச்சா ஒரு பாம்படம், அந்தக் காலத்துப் பாட்டிங்க வளர்த்த காதுல தொங்கவிடுற தங்க நகை. ஜோடி இல்ல, ஒத்தை.

அப்பத்தா காது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தோள் வரைக்கும் தொங்கும், ஆனா வெறுங்காது. சின்ன வயசுல நான் அந்த ஓட்டைக்குள்ள விரலை விட்டு ஆட்டுவேன். "ஏன் அப்பத்தா ஒண்ணும் போடல?"ன்னு கேட்டா, "கப்பல்ல வரையில தலைமன்னார்ல சுங்கத்துக்காரன் பிடுங்கிட்டான்"னு தாத்தா முந்திக்கிட்டுச் சொல்லுவாரு. அப்பத்தா அடுப்பை ஊதிக்கிட்டே இருக்கும். அப்பா, சித்தப்பா எல்லாருக்கும் இதே கதைதான். பிடுங்குனவன் ஒண்ணை மட்டும் ஏன் விட்டான்னு பெட்டியைத் திறந்த அன்னைக்குத்தான் எனக்கே தோணுச்சு.

கூடலூர்ல ஒரு அடகுக் கடையில காட்டினோம். மொத்த எடை 21 கிராம், "உள்ளே பூரா அரக்கு, ஒன்றரைப் பவுன் தேறுனா அதிர்ஷ்டம்"னு கையில தூக்கிப் போட்டுப் பிடிச்சான். எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. சித்தப்பா உருக்கிப் பங்கு போடணும்ங்கிறாரு. ஹால்மார்க் இல்லாததை நாளைக்கு விக்கவே முடியாதாம், அதான் அவசரமாம்.

இது சிலோன்ல செஞ்சதா, இல்ல பூட்டி போகும்போதே சிவகங்கைப் பக்கத்துல இருந்து கொண்டுபோனதா? பாத்துக் கண்டுபிடிக்க முடியுமா? சுங்கத்துல நிஜமாவே இப்படிப் பிடுங்குனாங்களா?

ரோஜாப்பூ_ஊட்டி:

பழசை வச்சு என்னங்க பண்ணப் போறீங்க? விக்கிற விலைக்குக் குடுத்துட்டு பிள்ளைக்கு ஒரு கம்மல் எடுங்க.

பழைய பட்டறை, குன்னூர்:

தங்கச்சி, அவசரப்படாதே. நாலு தலைமுறையா ஆசாரி வேலை எங்களுக்கு.

முதல்ல அந்த அரக்கு. அது ஏமாத்து இல்ல, பாம்படமே அப்படிச் செய்யற நகைதான். தங்கத்தைத் தகடா அடிச்சு, உருண்டை, சதுரம், தண்டுன்னு தனித்தனியாப் பண்ணி, உள்ளே அரக்கை உருக்கி நிரப்பிப் பொருத்துவாங்க. கெட்டித் தங்கத்துல அந்தப் பருமனுக்குச் செஞ்சா காது அறுந்து விழும். அரக்கு இல்லாம கூடா விட்டா ஒரு தடவை கீழே விழுந்ததுமே நெளிஞ்சுடும். சின்னப் பிள்ளையில காது குத்தி, ஈயக் குணுக்கு மாட்டி, வருசக்கணக்கா வடிச்சு வளர்த்த காதுக்கான நகை இது. கழுவுறேன்னு வெந்நீர்ல போட்டுடாதே, அரக்கு இளகிடும். அடுப்புப் பக்கமே கொண்டு போகாதே.

மிஷின்ல வச்சு காரட் பார்த்தாங்கன்னா அது மேல்தோலை மட்டும்தான் படிக்கும். உரைகல்லுல ஒரு கோடு இழுத்துப் பார்க்கறதும் கூட இருக்கணும்.

ஹால்மார்க் விசயத்துல உங்க சித்தப்பா சொல்றது தப்பு. 2021 ஜூன்ல கட்டாயமாக்குனது கடைக்காரங்க விக்கிற நகைக்கு. வீட்டுல இருக்கற பழசை நீ எப்ப வேணாலும் கொண்டுபோய் விக்கலாம். அதைச் சொல்லி உருக்க வேண்டாம்.

எந்த ஊரு வேலைன்னு கேட்டா, பாத்துச் சொல்றேன்னு எவனாவது கிளம்புனா நம்பாதே. இந்தப் பக்கத்து ஆசாரிங்களே அக்கரைக்கு, அதான் சிலோனுக்கும் போய்ப் பட்டறை போட்டாங்க. கை ஒண்ணுதான். ஆனா ஒரு கணக்கு இருக்கு. 1963ல தங்கக் கட்டுப்பாடு வந்து, புதுசாச் செஞ்சா 14 காரட்டுக்கு மேல கூடாதுன்னு இங்க சட்டம் போட்டாங்க. எங்கப்பா அதுலதான் பட்டறையைச் சாத்திட்டு மூணு வருசம் எஸ்டேட் ஃபேக்டரியில மூட்டை தைச்சாரு. உன் பாம்படம் 22 காரட்டுக்குப் பக்கத்துல உரைஞ்சா, அந்தக் கெடுபிடிக் காலத்து உள்ளூர் வேலையா இருக்க வாய்ப்புக் கம்மி. அதுக்கு முந்துனதா இருக்கணும், இல்ல அக்கரை வேலை.

மண்டபம் வழி வந்தவன், கோத்தகிரி:

அம்மாடி, எனக்கு வயசு 68. 1971ல அப்பா அம்மாவோட ராமானுஜம் கப்பல்ல வந்து ராமேஸ்வரத்துல எறங்குனவன்.

1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்குன்னு எழுதுனாங்க. அதுல வந்தவங்களுக்காகத்தான் நீலகிரியில காட்டை வெட்டி டேன்டீ தேயிலை நட்டாங்க. நீ பொறந்த லயமும் அந்தக் கணக்குதான். உங்க பூட்டி அக்கரைக்குப் போனப்பவும் ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊரு கேம்புல மருந்து தெளிச்சுத்தான் அனுப்பிருப்பாங்க. பேத்திமாரு திரும்பி வந்தப்பவும் அதே மண்டபம்.

சுங்கத்துல பெட்டியைக் கொட்டிக் கிளறுனது உண்மை. பிடுங்குனதாப் பேச்சும் உண்டு. ஆனா எங்கம்மா காதுல கிடந்ததை யாரும் கழட்டச் சொல்லல. அதனால ஒரு யோசனை. கண்டியில குடுத்த இந்தியப் பாஸ்போர்ட் வீட்டுல இருக்கான்னு பாரு. நம்ம சனங்க எதைத் தொலைச்சாலும் அதையும் ஃபேமிலி கார்டையும் தொலைக்காது. அதுல அப்பத்தா போட்டோ இருக்கும், காது தெரியும். எந்த வருசம்னும் பாரு.

கொளப்பள்ளிக்காரி:

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. பாஸ்போர்ட் பெரிய அத்தை வீட்டுல, சேரம்பாடியில இருந்துச்சு. 1974 நவம்பர்ல குடுத்தது. போட்டோவுல ரெண்டு காதும் வெறுங்காது.

அப்ப கப்பல் ஏறுறதுக்கு முந்தியே இல்ல. அத்தைகிட்ட போட்டோவைக் காட்டிக் கேட்டேன். அவங்களுக்கு அப்ப 11 வயசு. கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "உங்க தாத்தாதான் போயிட்டாரே"ன்னு ஆரம்பிச்சாங்க.

அது பஞ்சக் காலமாம். 73, 74. அரிசி கூப்பன் குறைஞ்சு போச்சு, தோட்டத்துல வேலை நாளும் குறைஞ்சு போச்சு. மரவள்ளிக்கிழங்கும் கீரையும் அவிச்சுத் தின்னுருக்காங்க. பக்கத்து லயத்துல கிழவன் கிழவிங்க வரிசையாச் செத்தாங்களாம். அத்தைக்குக் கீழ ஒரு தம்பி இருந்திருக்கான், எனக்கு இது தெரியவே தெரியாது. அவனுக்குக் கால் வீங்கிப்போய், தாத்தா ரெண்டு பாம்படத்தையும் நாவலப்பிட்டியில ஈடு வச்சு மாவு வாங்கிட்டு வந்தாரு. (அத்தை இன்னைக்கும் அடகுன்னு சொல்ல மாட்டாங்க, ஈடுதான்.) மாவு வந்துச்சு, தம்பி நிக்கல.

75ல புறப்படும்போது சேமலாப நிதிக் காசு (இங்க பி.எஃப். மாதிரி) கைக்கு வந்திருக்கு. அதுல கடன் போக ஒண்ணைத்தான் மீட்க முடிஞ்சுச்சாம். ஒத்தையைக் காதுல போட்டா ஊரு சிரிக்கும்னு அப்பத்தா முடிச்சுல கட்டிடுச்சு. சுங்கக் கதையைத் தாத்தா கப்பல்லயே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாராம்.

அப்பாவுக்கு அப்ப 4 வயசு. அவரு நம்பிக்கிட்டே இருந்திருக்காரு. நேத்து ராத்திரி சொன்னேன். "தம்பி பேரு என்ன?"ன்னு மட்டும் கேட்டாரு. அத்தைகிட்ட அதைக் கேக்க நான் மறந்துட்டேன்.

சிவகங்கையில செஞ்சதா, அங்க செஞ்சதான்னு அத்தைக்கும் தெரியல. அவங்க கண் திறந்ததுல இருந்தே அப்பத்தா காதுல ஆடிக்கிட்டு இருந்துச்சாம்.

பழைய பட்டறை, குன்னூர்:

தங்கச்சி, சித்தப்பாவுக்கு எவ்வளவு பங்கு வருதோ அதைப் பணமாக் குடுத்துடு. அதுக்கு ஒரு நியாயமான மதிப்பு வேணும்ல? நகையை எடுத்துட்டு வா, உடைக்காம உரைச்சுப் பார்த்து எழுதித் தர்றேன். கூலி வேண்டாம். பவுன் தேறுறதுல நாங்க கழிக்கிற அரக்கு எடை குத்துமதிப்புதான், அந்தக் கடைக்காரன் தன் பக்கமாக் கழிச்சிருப்பான்.

கொளப்பள்ளிக்காரி:

வர்றேன் அண்ணா. அத்தையும் கூட வர்றேங்கிறாங்க. கொளப்பள்ளியில இருந்து முதல் பஸ் பிடிச்சா கூடலூர், ஊட்டி மாறி அங்க வந்து சேர மத்தியானம் ஆயிடும். புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல பட்டறை திறந்திருக்குமா?