மாக்ஸ் ராபே பாணியில் பழைய பெர்லின் பாடல்கள்: எட்டுப் பேர் குழுவுக்கு எப்படி அமைப்பது?

தாழ்குரல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் ஒரு சிறு அரங்கில் 40 நிமிட நிகழ்ச்சி, முழுக்க 1920, 30களின் பெர்லின் பாடல்கள். குழுவில் பாரிட்டோன் குரல் (நான்), பியானோ, வயலின், ஆல்டோ சாக்ஸ், டெனர் சாக்ஸ் (இருவரும் கிளாரினெட்டும் ஊதுவார்கள்), டிரம்பெட், டபுள் பாஸ், டிரம்ஸ். முன்மாதிரி, அந்தக் காலப் பாடல்களை அதே பாணியில் பாடும் ஜெர்மன் பாடகர் மாக்ஸ் ராபேயும் அவருடைய பாலாஸ்ட் ஆர்க்கெஸ்டரும்தான். இதுவரை தேர்ந்தெடுத்தவை: "இர்கெண்ட்வோ ஆவுஃப் டெர் வெல்ட்", "வெரோனிக்கா, டெர் லென்ட்ஸ் இஸ்ட் டா", "ஹொய்ட்டெ நாஹ்ட் ஓடர் நீ", கடைசியாக "லிலி மர்லேன்".

ஒத்திகையில் சுருதி, தாளம் எதுவும் பிசகவில்லை. ஆனாலும் கேட்டால் ஹோட்டல் லாபி ஜாஸ் மாதிரி இருக்கிறது. ராபே பாடினால் முதல் நான்கு பாரிலேயே (தாளக் கட்டத்திலேயே) காலம் மாறிவிடுகிறது. கோளாறு வாத்தியங்களிலா, என் குரலிலா? நோட்ஸ் எங்கே கிடைக்கும்? உரிமைக் கட்டணம் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழந்தட்டு

முதலில் டிரம்ஸைப் பாருங்கள். பத்துக்கு எட்டுக் குழுக்களில் நோய் அங்கேதான் ஆரம்பம். ரைட் சிம்பலில் "டிங், டிக்-டிங்" என்று ஓட்டினால் காதுக்கு அது 1940களுக்கு மேல் வந்த ஜாஸ். 1930 பெர்லின் நடனக் குழுவில் சிம்பலை அடித்த உடனே கையால் பிடித்து அடக்குவார்கள். மற்றபடி ஸ்னேரில் பிரஷ் அல்லது அழுத்திய உருட்டு, வுட்பிளாக், பெரிய பாஸ் டிரம் 1, 3ஆம் அடியில். இன்றைய 22 அங்குல பாஸ் டிரம்மே போதும். தோலுக்குக் குறுக்கே ஒரு ஃபெல்ட் பட்டை ஒட்டி, உள்ளே திணித்திருக்கும் தலையணையை எடுத்துவிடுங்கள். பழைய டிரம்மின் சத்தம் வட்டமாக, கொஞ்சம் நீண்டு நிற்கும். ராக் கிட் போல "டப்" என்று செத்துவிடக் கூடாது.

அடுத்தது பாஸ். நாலு அடிக்கும் நடந்து போகும் வாக்கிங் பாஸ் வேண்டாம். ஒரு பாருக்கு இரண்டே சுரம், மூலமும் பஞ்சமமும். டேங்கோவிலும் மெதுவான பாட்டிலும் வில்லை எடுக்கச் சொல்லுங்கள். நாலு அடியையும் நிரப்புவது பாஞ்சோ அல்லது கிட்டாரின் வேலை. உங்களிடம் இரண்டும் இல்லாததால் அது பியானோவின் இடது கைக்குப் போகிறது: கீழே ஒரு சுரம், மேலே ஒரு கார்டு, மாறி மாறி, பெடல் கிட்டத்தட்ட இல்லாமல்.

மூன்றாவது, எட்டாம் சுரங்களின் (அரை அடி நீளச் சுரங்களின்) அளவு. சாக்ஸ்காரர்கள் ஜாஸ் பழகியவர்கள் என்றால் எந்த ஜோடிச் சுரத்தையும் முதலாவது நீளம், அடுத்தது குறுகல், 2:1 என்று ஆட்டிவிடுவார்கள். இந்த இசையில் புள்ளி வைத்து எழுதியிருந்தால் 3:1, எழுதாவிட்டால் சமம். அச்சில் இருப்பதை அப்படியே வாசித்தால் விறைப்பாகத் தோன்றும். அந்த விறைப்புதான் ஸ்டைல். சாக்ஸ் ஊதுவாயும் கவனிக்கத்தக்கது. உலோகத்தில் செய்த கூர்மையான சத்தம் தரும் ஊதுவாயை வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் 1980தான் கேட்கும். பெரிய உள்ளறை கொண்ட எபோனைட் ஊதுவாய், வேகமான வைப்ரேட்டோ (சுரத்தில் வரும் சிறு அசைவு), அதுவும் இருவரும் ஒரே வேகத்தில். டிரம்பெட்டுக்கு ஸ்ட்ரெயிட் மியூட்டும் கப் மியூட்டும் (வாயில் செருகிச் சத்தத்தை அடக்கும் அடைப்புகள்) கட்டாயம். குரல் வரும் 32 பாரிலும் மியூட் இல்லாமல் ஊதக் கூடாது.

ராபேயின் குழு முதல் நாளிலிருந்தே அச்சிட்ட பழைய இசைக்கோவைகளை வைத்து வேலை செய்தது. 1986இல் பெர்லினில் மாணவர்களாகத் தொடங்கி, ஏறத்தாழ ஓராண்டு ஒத்திகை பார்த்த பிறகே 1987இல் அங்கே நாடக விழா நடன இரவில் மேடையேறினார்கள். அதுவும் கூடத்தில், துணை நிகழ்ச்சியாக. உள்ளே ஆடிக்கொண்டிருந்தவர்கள் இவர்களைக் கேட்க வெளியே வந்துவிட்டார்கள்.

வயலின் ராணி

பழந்தட்டு சொன்னதோடு நோட்ஸ் விஷயம்.

அந்தக் காலத்தில் ஒரு பாட்டு ஹிட் ஆனால் பதிப்பகம் சலோன் ஆர்க்கெஸ்டருக்கான பாகங்களை ஒரு கட்டாக அச்சிட்டு விற்கும். உஃபா என்ற ஜெர்மன் படநிறுவனத்தின் பாடல்களுக்கு உஃபாட்டோன் பதிப்பகம். முழு ஸ்கோர் பெரும்பாலும் இருக்காது. பியானோ பாகத்திலேயே மற்ற வாத்தியங்களின் முக்கிய வரிகள் சிறு எழுத்தில் இருக்கும், குழுவை நடத்துபவர் அதைப் பார்த்துத்தான் நடத்துவார். ஒவ்வொரு பாகத்திலும் அதே மாதிரி சின்னச் சுரங்கள் உண்டு: "இந்த வாத்தியக்காரர் வராவிட்டால் நீ வாசி" என்று பொருள். ஓட்டல், திரையரங்கு, கப்பல் என்று எந்த அளவுக் குழுவுக்கும் ஒரே கட்டு பொருந்த வேண்டும் என்பதால் அப்படி. ஆகவே எட்டுப் பேர் என்று தயங்க வேண்டாம். டிராம்போன் இல்லையா, அந்தச் சின்னச் சுரங்களை டெனர் சாக்ஸில் தேடுங்கள். இரண்டாம் ஆல்டோ இல்லையா, வயலின் எடுக்கட்டும்.

கட்டுகள் பழைய புத்தகக் கடைகளிலும் சந்தைகளிலும் கிடைக்கும். பெர்லின் மாநில நூலகத்தின் இசைப் பிரிவையும் கேட்டுப் பார்க்கலாம். வாங்குமுன் பாகங்களை எண்ணுங்கள். பியானோ பாகம் காணாத கட்டு அரை விலைக்கும் தேறாது.

ஒலிப்பதிவைக் கேட்டு நீங்களே எழுதுவதானால் ஒரு எச்சரிக்கை. பழைய தட்டுகள் எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்றில் சரியாகச் சுழன்றவை அல்ல. சுழற்சியில் 6 விழுக்காடு வித்தியாசம் வந்தால் முழு அரைச்சுரம் நகர்ந்துவிடும்: 73.6க்கு வெட்டிய தட்டை 78இல் ஓட்டினால் எஃப் மேஜர் பாட்டு எஃப் ஷார்ப்பில் கேட்கும். நடனக் குழுக்கள் ஃபிளாட் பக்கமே திரிபவை: எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட். விசித்திரமான சுருதியில் ஒரு பதிவு கேட்டால் முதலில் வேகத்தைச் சந்தேகியுங்கள், இசையமைப்பாளரை அல்ல.

உங்கள் குரலுக்காகச் சுருதி மாற்றும்போதும் ஃபிளாட் பக்கமே நல்லது. சாக்ஸ், டிரம்பெட் நோட்ஸ் பியானோவிலிருந்து வேறு சுருதியில் எழுதப்படும். ஈ மேஜரில் வைத்தால் ஆல்டோவுக்கு ஏழு ஷார்ப், டிரம்பெட்டுக்கும் டெனருக்கும் ஆறு. அரைச்சுரம் இறக்கி ஈ ஃபிளாட்டில் வைத்தால் ஆல்டோ சி மேஜரில் நிம்மதியாக ஊதுவார், டிரம்பெட்டுக்கு ஒரே ஒரு ஃபிளாட். அந்த அரைச்சுரத்தை நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், சார்.

இன்னொன்று, குரல் எங்கே வரவேண்டும் என்பது. 25 சென்டிமீட்டர் தட்டில் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம். நடனத் தட்டுகளில் பாடகர் நடுவில் வந்து ஒரு பல்லவி மட்டும் பாடிவிட்டுப் போய்விடுவார். முன்னும் பின்னும் குழுதான். நிமிடத்துக்கு 50 பார் போகும் ஃபாக்ஸ்ட்ராட்டில் 32 பார் பல்லவி 38 வினாடி, 32 பார் போகும் ஸ்லோ ஃபாக்ஸில் ஒரு நிமிடம். முதல் பாரிலிருந்து கடைசி வரை நீங்களே பாடிக்கொண்டிருந்தால் அந்த நடனக் குழுவின் வடிவமே போய்விடும். இரண்டாம் பல்லவியை வயலினுக்குக் கொடுங்கள், சுரத்திலிருந்து சுரத்துக்கு இழுத்து வாசிக்கட்டும்.

உச்சரிப்பு வாத்தியார்

குரலுக்கு வருவோம். ராபே பெர்லினில் ஆபரா பாட்டு முறைப்படி படித்த பாரிட்டோன். ஆனால் அந்தப் பயிற்சியை முழு வீச்சில் காட்டுவதில்லை. 1920களின் நடுவில் மின்முறை ஒலிப்பதிவு வந்த பிறகு பாடகர்கள் கத்த வேண்டிய அவசியம் போயிற்று. மைக்குக்கு அருகில் நின்று மெல்லப் பாடும் பாணி அப்போது பிறந்ததுதான். மேல் சுரங்களை மார்பிலிருந்து தள்ளாமல் தலைக்குரல் கலந்து தொட்டுவிட்டு வாருங்கள். நீண்ட சுரத்தை நேராகப் பிடித்து, முடிவில் மட்டும் வைப்ரேட்டோ.

அந்தக் கால நடனத் தட்டுப் பாடகர் லியோ மொனோசன் பாடிய தட்டுகளைக் கேளுங்கள், உங்கள் வேலைக்கு அதுதான் பாடப்புத்தகம். காமெடியன் ஹார்மோனிஸ்ட்ஸ் பதிவுகள் அழகுதான், ஆனால் அது ஐந்து குரலும் ஒரு பியானோவும் சேர்ந்த கட்டமைப்பு. அதில் ஒரு குரலை மட்டும் உருவி எடுத்துப் பாடினால் நடுவில் ஓட்டை விழும்.

உச்சரிப்பில் தமிழர்களுக்கு ஒரு லாபம் உண்டு. இன்றைய ஜெர்மன்காரர்கள் ர-வைத் தொண்டையில் சொல்கிறார்கள். அன்றைய மேடை உச்சரிப்பில் அது நுனிநாக்கு ர. நம் ர-வை ஒரு தடவை கூடுதலாக அதிரவிட்டால் போதும், ராபேயின் முத்திரை ஒலி கைக்கு வந்துவிடும். சொல்லின் கடைசி ர-வையும் விழுங்காதீர்கள்: "லீபெர்", "டெர்" எல்லாவற்றிலும் நாக்கு தொட வேண்டும்.

நட்டம் வேறு இடத்தில். சொல்லின் தொடக்கத்தில் வரும் க, ட, ப மூன்றுக்கும் மூச்சு விட்டுச் சொல்ல வேண்டும். மூச்சில்லாமல் "டாக்" என்றால் அவர்கள் காதுக்கு மென்மையான "da" வகை ஒலியாக விழும். இரு உயிர்களுக்கு நடுவே வரும் வல்லினத்தை நாம் பழக்கத்தில் மென்மையாக்கிவிடுவோம், "வெரோனிக்கா"வில் அது நடக்கக் கூடாது. "இஹ்" என்ற சொல்லை நம்மவர்கள் "இஷ்" என்கிறார்கள். நாக்கை "இ" நிலையிலேயே வைத்து "ஹி" என்று ரகசியமாகச் சொன்னால் சரியான ஒலி வரும். "க்ரூன்" போன்ற சொற்களின் உயிருக்கு நாக்கில் ஈ, உதட்டில் ஊ. கண்ணாடி முன்னால் செய்து பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். "வெல்ட்" என்ற சொல்லின் கடைசி ட்-டை எந்த அடியில் வைப்பது என்று குழுவோடு பேசி முடிவு செய்யுங்கள், எல்லோரும் அங்கே ஒன்றாக நிறுத்தினால் பாதிப் பழமை வந்துவிடும்.

நடிப்பு: வேண்டாம். "வெரோனிக்கா"வில் அஸ்பரகஸ் முளைக்கிறது என்று ஒரு வரி வரும். அதன் இரட்டை அர்த்தம் அரங்கில் எல்லோருக்கும் புரியும். அங்கே நீங்கள் கண்ணடித்தால் நகைச்சுவை செத்தது. ராபே பியானோவின் ஓரத்தில் சாய்ந்து, வானிலை அறிக்கை வாசிக்கும் முகத்தோடு சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். பாட்டிலேயே குறும்பு இருக்கிறது, மேலே இன்னொன்று வேண்டியதில்லை.

தாழ்குரல்

மிக்க நன்றி. டிரம்ஸ்காரரிடம் ரைட் சிம்பலைக் கழற்றச் சொல்லிவிட்டேன், முறைத்தார். பழைய பாணி மைக் வாங்கினால் உதவுமா? உரிமை விஷயம் யாரும் சொல்லவில்லையே?

பழந்தட்டு

மைக் வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். வெளித்தோற்றம் மட்டும் பழசாக, உள்ளே சாதாரண டைனமிக் மைக் இருக்கிற சாமான்தான் கடையில் அதிகம். வாத்தியங்களுக்குத் தனித்தனி மைக் வைக்காமல் இருப்பதே பெரிய உதவி. குரலுக்கு ஒன்று, குழுவுக்கு முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி ஒன்று. தனி வாசிப்பு வரும்போது அந்த ஆள் ஓரடி முன்னால் வரட்டும். சத்தச் சமநிலையை மிக்ஸர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் டிரம்பெட் மியூட்டைக் கழற்றிவிடுவார்.

ஏட்டுக்கணக்கு

உரிமை: ஜெர்மனியில் படைப்பாளி இறந்து 70 ஆண்டு. பாட்டுக்கென்றே வரியும் இசையும் சேர்ந்து எழுதப்பட்டிருந்தால் இருவரில் கடைசியாக இறந்தவரிலிருந்து கணக்கு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள், இசையமைப்பாளரின் ஆண்டை மட்டும் பார்ப்பார்கள். "இர்கெண்ட்வோ"வுக்கு இசை வெர்னர் ரிச்சர்ட் ஹைமன், மறைவு 1961. ஆனால் வரியில் பங்குள்ள ராபர்ட் கில்பெர்ட் மறைந்தது 1978, ஆகவே 2048 முடியும்வரை உரிமை உண்டு. "ஹொய்ட்டெ நாஹ்ட்"டின் மிஷா ஸ்போலியான்ஸ்கி 1985. "வெரோனிக்கா"வையும் சேர்த்து மூன்றுமே உரிமைக்குள்தான். நிகழ்ச்சியை நடத்துபவர் கேமாவில் (இசை உரிமைக் கட்டணம் வசூலிக்கும் ஜெர்மன் சங்கம்) முன்கூட்டிப் பதிந்து, முடிந்ததும் பாட்டுப் பட்டியல் கொடுக்க வேண்டும். கட்டணம் பாடகர் தலையில் விழுவதில்லை, நடத்துபவர் யார் என்பதை மட்டும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரிகளை மாற்றுவதற்கு கேமா அனுமதி தராது, பதிப்பகத்தைத்தான் கேட்க வேண்டும். உரிமை முடிந்த பாட்டு ஒன்று வேண்டுமானால் 1925இன் "வாஸ் மாஹ்ஸ்ட் டூ மிட் டெம் க்னீ, லீபெர் ஹான்ஸ்". இசை ரிச்சர்ட் ஃபால், வரி ஃப்ரிட்ஸ் லோனர்-பேடா. இருவரும் நாஜிகளால் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டவர்கள்.

அது இருக்க, உங்கள் பட்டியலில் "லிலி மர்லேன்" ஏன்? இசை 1938, லாலெ ஆண்டர்சன் பதிவு 1939, புகழ் முழுக்கப் போர்க்காலத்தது. மற்ற மூன்றும் 1930-32. இந்த வகை நிகழ்ச்சிகளில் வழக்கமாக நடக்கும் குழப்பம் இது. 1942 படத்தில் ஸாரா லியாண்டர் பாடியதையும், 1966இல் பிராட்வேயில் வந்த "கேபரே" நாடகப் பாட்டையும் ஒரே மூட்டையில் கட்டி "வைமார் இரவு" (வைமார்: நாஜிகளுக்கு முந்தைய ஜெர்மன் குடியரசு) என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். ஜெர்மன் பார்வையாளர்களில் இரண்டு பேராவது இடைவேளையில் வந்து கேட்பார்கள். ஹைமனை உஃபா 1933இல் யூதர் என்பதால் வெளியேற்றியது. காமெடியன் ஹார்மோனிஸ்ட்ஸில் மூன்று பேர் யூதர்கள், 1935இல் குழு உடைந்தது. இவர்கள் பாட்டையெல்லாம் பாடிவிட்டுப் போர் வானொலிப் பாட்டில் முடிப்பது நன்றாக இல்லை.

நிகழ்ச்சித் தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் இசை, வரி, ஆண்டு, படத்தின் பெயர் போடுங்கள். "இர்கெண்ட்வோ": "ஐன் ப்ளோண்டர் டிராவும்", 1932. "ஹொய்ட்டெ நாஹ்ட்": "தாஸ் லீட் ஐனர் நாஹ்ட்", 1932, வரி மார்செல்லுஸ் ஷிஃபர். "வெரோனிக்கா": 1930, இசை வால்டர் யுர்மன், வரி ஃப்ரிட்ஸ் ரோட்டர்.

வயலின் ராணி

லிலி மர்லேன் இடத்துக்கு "லீபெர் ஹான்ஸ்" சரியாகவே பொருந்தும். ஆனால் கடைசியில் வைக்காதீர்கள், வேகமான பாட்டு, அதை இரண்டாவதாக வைத்தால் டிரம்பெட் உதடு சூடேறியிருக்கும். முடிவுக்கு "இர்கெண்ட்வோ", ஈ ஃபிளாட்டில்.