பலுசாமி சாப்பிட்டால் தொண்டை அரிக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஃபிஜித் தலைநகர் சுவாவில் வாடகை வீட்டில் இருக்கிறேன். மூன்று வாரத்தில் மூன்று முறை பலுசாமி செய்தேன். மூன்று முறையும் சாப்பிட்ட ஐந்து நிமிடத்தில் தொண்டை அரிப்பு, நாக்கில் ஊசி குத்தல்.

பலுசாமி என்றால் பொன்னுசாமிக்குத் தம்பி இல்லை. சேம்பு இலையில் கெட்டித் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் வைத்து மடித்து வேகவைக்கும் ஃபிஜி பதார்த்தம்.

போன மாதம் தவேயுனி தீவில் ஒரு கிராமத்து வீட்டில் லோவோவில் வெந்ததைச் சாப்பிட்டேன். குழியில் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, மேலே இலையும் மண்ணும் மூடி வேகவைப்பார்கள். பொட்டலத்தைப் பிரித்தால் இலை கரும்பச்சையாகக் குழைந்து, ஓரத்தில் தேங்காய்ப்பால் தயிர்போல் உறைந்து நின்றது. இரண்டு பொட்டலம் காலி. அரிப்பு துளியும் இல்லை.

இலை சுவா சந்தையில் வாங்கியது. முதல் முறை காம்பை நறுக்கிவிட்டு, ஃபாயிலில் சுற்றி, ஓவனில் 180 டிகிரியில் 40 நிமிடம் வைத்தேன். அடுத்த முறை இலையை 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அதேபோல் வைத்தேன். அப்புறம் எலுமிச்சைச் சாறு சேர்த்தேன்; அரிப்பு கொஞ்சம் குறைந்தது, பால் திரிந்துவிட்டது. இலையில் உள்ள கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசிபோன்ற படிகங்கள்தான் காரணம் என்பது தெரியும். பக்கத்து வீட்டு அம்மாவோ "இன்னும் வேகட்டும்" என்கிறார். எவ்வளவு நேரம் என்றால் சிரிக்கிறார்.

வீட்டு ஓவனில் அரிக்காத பலுசாமி செய்தவர்கள் யாராவது இருந்தால், எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?