ஹக்கில்பெரி ஃபின் வாசிச்சவங்க வாங்க: இதுல நையாண்டி எங்க இருக்கு?

கொட்டகலை டீச்சர்:
வணக்கம் எல்லாருக்கும். பின்னேரத்துல ஏஎல் (உயர்தர) இங்கிலீஷ் லிட்ரேச்சர் கிளாஸ் ஒண்ணு எடுக்குறேன், எல்லாம் பக்கத்து தேயிலத்தோட்டத்து புள்ளைங்கதான். சிலபஸுக்கு வெளிய ஒரு நாவலாச்சும் முழுசா வாசிக்கட்டுமேன்னு மார்க் ட்வைனோட ஹக்கில்பெரி ஃபின் எடுத்தோம். மொத நாளே நான் பெருசா சொல்லிட்டேன், இது பெரிய நையாண்டி நாவல், அந்த காலத்து அமெரிக்க சமுதாயத்த கிழி கிழின்னு கிழிக்கும்னு. இப்ப பாதி தாண்டியாச்சு, ஒரு புள்ள கேக்குது, "டீச்சர், யாரு யார கிண்டல் பண்றாங்க? இந்த பையன் எல்லாத்தையும் சீரியஸாதானே சொல்றான்?"

நெசம்தான், கதைய சொல்ற பையன் ஹக் எங்கயும் நக்கலா பேசல. மிஸ் வாட்சன்கிட்ட அடிமையா இருந்த ஜிம் தப்பிச்சு ஓடுறதுக்கு தொணையா இருக்குறத கூட அந்தம்மாவோட சொத்த திருடுற மாதிரி நெனச்சு அவனே வருத்தப்படுறான். இன்னொரு பையன், அப்ப இவனும் அந்த கூட்டம்தானே, இவன எதுக்கு ஹீரோங்குறீங்கன்னு கேட்டுட்டான். ஐரனிக்கு, அதான் சொல்றது ஒண்ணு உள்ள அர்த்தம் வேறங்குறதுக்கு, நோட்ஸ்ல இருக்குற டெஃபினிஷன சொன்னா அழகா எழுதிக்குறாங்க, மண்டைக்குள்ள போன மாதிரி தெரியல. எப்படி வெளங்கப்படுத்துறது?

எல்ல ரயிலு:
டீச்சர் கவனம். புத்தகத்துக்கு முன்னாடியே மனுசன் போர்டு போட்டு வச்சிருக்காரு, இதுல நோக்கம் தேடுறவன் மேல வழக்கு, நீதி தேடுறவனுக்கு நாடு கடத்தல், கதைப்பின்னல் தேடுறவன சுட்டுப்புடுவோம்னு. நீங்க கிளாஸ் வச்சே தேடுறீங்க 😄

நானுஓயா வாசகன்:
டீச்சர், 32ஆவது சாப்டருக்கு ஒரு தடவ போங்க. ஹக் ஃபெல்ப்ஸ் பண்ணைக்கு போறான், சாலி அத்தை இவன வேற யாரோன்னு நெனச்சு கட்டிப்புடிச்சு ஏன் லேட்டுன்னு கேக்குது, இவன் அந்த நிமிசத்துல ஒரு பொய்ய எடுத்து விடுறான், ஸ்டீமர்ல சிலிண்டர் ஹெட் வெடிச்சிருச்சுன்னு. ஐயோ யாருக்காச்சும் அடிபட்டுச்சான்னு அது பதறுது. இல்லீங்க, ஒரு கறுப்பன் செத்துட்டான்ங்குறான். நல்லவேள, சில நேரத்துல ஆளுங்களுக்கு அடிபட்டுருது பாருன்னு சொல்லிட்டு அது தன் பாட்டுக்கு அடுத்த கதைக்கு போயிருது. அவ்வளவுதான், யாரும் சிரிக்கல, யாரும் திடுக்கிடல. அது கெட்ட பொம்பள கிடையாதுங்குறதுதான் இதுல வெசயமே. வந்தவனுக்கு வயிறார சோறு போடுது, புள்ளைங்க மேல உசிரா இருக்குது. அதோட புருசன் சைலஸ் ஒரு குடிசையில ஜிம்ம சங்கிலி போட்டு வச்சிட்டு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா போயி அவன் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணிட்டு வர்றாரு. சாலி போயி சாப்பாடு போதுமா வசதியா இருக்கியான்னு விசாரிக்குது. இத ட்வைன் கோவமா எழுதியிருந்தா ஒரு பிரசங்கம் ஆகியிருக்கும், 13, 14 வயசு பையன் வாயால சாதாரணமா சொல்ல வச்சதாலதான் வாசிக்குற நமக்கு தொண்டையில நிக்குது.

எங்க அப்பாயி இப்படித்தான் கத சொல்லும். "அந்த தொரை தங்கமானவரு, தீவாளிக்கு எல்லாருக்கும் சீல வேட்டி குடுத்தாரு, அப்பறம் செக்ரோல்ல நம்ம பேர்ல பத்து எழுதிட்டாரு"ன்னு (சம்பள பதிவேட்டுல கடனா எழுதிட்டாருன்னு அர்த்தம்) ஒரே மூச்சுல சொல்லிட்டு வெத்தல போடும். கிண்டலே இருக்காது அதுல, நெசமாவே அது அவர தங்கமானவருன்னுதான் நெனச்சுச்சு. கேக்குற நாங்கதான் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம். புள்ளைங்களுக்கு இந்த மாதிரி ஒரு பாட்டி கண்டிப்பா வீட்டுல இருக்கும், அத கேளுங்க, ஐரனி டெஃபினிஷன் வேணாம்.

18ஆவது சாப்டரும் அதே வகைதான். கிரேஞ்சர்ஃபோர்டும் ஷெப்பர்ட்சனும் பரம்பர பகையாளிங்க, எதுக்கு ஆரம்பிச்ச சண்டன்னு அவங்களுக்கே மறந்து போச்சு. ஞாயித்துக்கெழம ரெண்டு குடும்பமும் ஒரே கோயிலுக்கு துப்பாக்கியோட போயி முழங்காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு சகோதர அன்பு பத்தி பிரசங்கம் கேக்குறாங்க. வீட்டுக்கு வர்ற வழியில என்னா அருமையான பிரசங்கம்னு பேச்சு வேற. மறுநாள் ஆத்தோரத்துல சின்ன பையனுங்கள சுட்டு போடுறாங்க.

இன்னொன்னு, வருசத்த போர்டுல எழுதி காட்டுங்க. கத நடக்குறது 1830, 40கள்ல. அடிமமுறைய 1865ல சட்டத்தால ஒழிச்சாச்சு. புத்தகம் இங்கிலாந்துல 1884, அமெரிக்காவுல 1885. செத்துப்போன ஒண்ண 20 வருசம் கழிச்சு எதுக்கு நையாண்டி பண்ணணும்? ஏன்னா 1877ல தெக்கு மாநிலங்கள்ல இருந்து மத்திய அரசு படைய வாபஸ் எடுத்ததுக்கு அப்பறம் விடுதல ஆனவங்களோட உரிமைய ஒண்ணொண்ணா புடுங்கிக்கிட்டு இருந்தாங்க. நாங்கதான் ஒழிச்சிட்டோமேன்னு மார தட்டிக்கிட்டு இருந்த வாசகனுக்குத்தான் இந்த ஊசி.

பதுளை கிழவன்:
தம்பி சொன்னது சரி, ஆனா டீச்சர் ஒண்ணு கவனிங்க, புள்ளைங்க ஒடனே நாமளும் ஜிம்மும் ஒண்ணுன்னு எழுதிருவாங்க. ஒண்ணு கிடையாது. நம்ம தோட்டத்து ஆளுங்கள கடன வச்சு கட்டிப்போட்டாங்க, துண்டுன்னு ஒரு காயிதம், கடன் எவ்வளவுன்னு அதுல எழுதியிருக்கும், அடுத்த தோட்டக்காரன் அத கட்டினாத்தான் ஆள் அங்க போகலாம், 1921லதான் அத ஒழிச்சாங்க. கொடுமதான், இல்லேங்கல. ஆனா ஜிம்ம மிஸ் வாட்சன் 800 டொலருக்கு ஓர்லியன்ஸ் பக்கம் விக்கப்பாத்துச்சு, சந்தையில மாடு விக்குற மாதிரி. அவன் பொண்டாட்டி ஒரு பண்ணையில, புள்ளைங்க வேற ஒருத்தன் கையில.

அந்த பையன் கேட்ட ஹீரோ கேள்விக்கு 16ஆவது சாப்டர் பாருங்க. ஜிம் சொல்றான், விடுதல ஆனதும் ஒழச்சு காசு சேத்து மொதல்ல பொண்டாட்டிய வாங்குவேன், அப்பறம் ரெண்டு பேருமா ஒழச்சு புள்ளைங்கள வாங்குவோம், எசமான் விக்கலேன்னா ஆள் வச்சு திருடுவோம்னு. அத கேட்டு ஹக்குக்கு பகீர்ங்குது, எனக்கு ஒரு கெடுதலும் பண்ணாத மனுசனோட புள்ளைங்கள இவன் திருடப்போறானேன்னு! பெத்த அப்பன் தன் புள்ளைய எடுத்தா திருட்டு. இத ஒரு நல்ல பையன் மனசாட்சியோட சொல்றான் பாருங்க, அவனுக்கு அந்த மனசாட்சிய ஊட்டுனதே பைபிள் சொல்லிக்குடுத்த அந்த ஊருதான். 31ல மிஸ் வாட்சனுக்கு காட்டிக்குடுத்து லெட்டர் எழுதி வச்சிட்டு, பாவமெல்லாம் கழுவுன மாதிரி இருக்குன்னு சந்தோசப்படுறான், அப்பறம் ஜிம் தனக்கு பண்ணதெல்லாம் நெனச்சு பாத்து, சரி நான் நரகத்துக்கே போறேன்னு கிழிச்சு போடுறான். கிழிக்கும்போதும் தான் பண்றது பாவம்னுதான் நம்புறான். ஹீரோவா இல்லையான்னு புள்ளைங்களே சண்ட போடட்டும்.

தலவாக்கலை அக்கா:
எல்லாரும் 31ஓட நிப்பாட்டிட்டீங்களே. அதுக்கு அப்பறம் ஹக்கோட கூட்டாளி டாம் சாயர் வந்து கடைசி பத்து சாப்டர குட்டிச்சுவரு ஆக்குறது யாருக்கும் கண்ணுக்கு தெரியலியா? பூட்டுன குடிசைக்குள்ள எலிய விட்டு, பாம்ப விட்டு, சட்டையில ரத்தத்தால டயரி எழுத வச்சு, எதுக்குன்னு பாத்தா கதப்புத்தகத்துல கைதிங்க அப்படித்தான் தப்பிப்பாங்களாம். கடைசியில பாத்தா மிஸ் வாட்சன் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே செத்து, உயில்ல ஜிம்ம விடுதல பண்ணிட்டு போயிருக்கு, டாமுக்கு அது மொதல்ல இருந்தே தெரியும்! மூடுபனியில ஹக் பண்ண குறும்புக்கு நேருக்கு நேர் நின்னு ஏசுன ஜிம், காது கேக்காத மகள தெரியாம அடிச்சிட்டேன்னு அழுத ஜிம், அந்த மனுசன கடைசியில பொம்ம ஆக்கிட்டாரு ட்வைன். எனக்கு அது மன்னிக்க முடியாத வெசயம். பெர்சிவல் எவரெட் 2024ல இதே கதைய ஜிம் வாயால "ஜேம்ஸ்"னு எழுதி அடுத்த வருசம் புலிட்சர் பரிசு வாங்குனாரு, அதுல ஜிம் வெள்ளக்காரன் முன்னாடி மட்டும்தான் கொச்ச பேசுவாரு. நல்லா வாசிக்குற புள்ளைங்களுக்கு அதையும் குடுங்க.

நானுஓயா வாசகன்:
அக்கா, வாசிக்க எரிச்சல்தான், ஒத்துக்குறேன். ஆனா ஏற்கனவே விடுதல ஆன ஆள, தெரிஞ்சுக்கிட்டே கட்டி வச்சு, வெளையாட்டா விடுதல பண்ற நாடகம், அது 1865க்கு அப்பறம் நடந்ததுதானே? காயிதத்துல வந்தது கைக்கு வரல. இலங்கையில தோட்டத்து ஆளுங்ககிட்ட 1948ல பறிச்ச பிரஜாவுரிமைக்கு 2003 சட்டம் வரைக்கும் அலைஞ்ச ஊட்டுக்காரங்களுக்கு இது வெளங்கும். ட்வைன் இத திட்டம் போட்டுத்தான் பண்ணாருன்னு நான் அடிச்சு சொல்லமாட்டேன், ஆனா அப்படி வாசிக்க எடமிருக்கு.

தலவாக்கலை அக்கா:
எடமிருக்கு சரி, அதுக்கு பத்து சாப்டரா தம்பி? ரெண்டு போதும்.

கொட்டகலை டீச்சர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், அண்ணே அந்த 16ஆவது சாப்டர் புள்ள திருடுற கதைய நான் வேகமா கடந்து போயிட்டேன் போல, திரும்ப எடுக்குறேன். ஆனா புள்ளைங்க சிரிக்கவே இல்லங்குறது இன்னும் அப்படியேதான் இருக்கு. நெசமாவே சிரிப்பு வர்ற எடம் ஏதாச்சும் சொல்லுங்களேன்.

எல்ல ரயிலு:
ஹக்கோட அப்பன் இருக்கான்ல டீச்சர், 6ஆவது சாப்டர். குடிச்சிட்டு ராத்திரி பூரா சாக்கடையில கெடந்து ஒடம்பெல்லாம் சேறு, அந்த கோலத்துல அரசாங்கத்த ஏசுறான் பாருங்க. ஒஹாயோவுல இருந்து ஒரு கறுப்பின பேராசிரியர் வந்திருக்காராம், வெள்ள சட்ட, தங்க கடியாரம், வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி, பல பாஷ தெரியுமாம், அவங்க ஊருல ஓட்டு கூட இருக்காம். நாடு எங்க போகுது, இனிமே நான் ஓட்டே போடமாட்டேன்ங்குறான். அன்னைக்கு எலக்சன் நாள், நடக்க முடியாத அளவுக்கு குடிக்கலேன்னா ஓட்டு போடத்தான் கெளம்பியிருப்பேன்னு அவனே சொல்றான்! ஏசிக்கிட்டே போயி உப்புக்கண்ட பீப்பாயில தடுக்கி விழுந்து, கோவத்துல அந்த பீப்பாய ஒதைக்குறான், பூட்ஸுல ரெண்டு வெரல் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தத மறந்துட்டு. சாராயக்கடைக்கு பக்கத்துல இருக்குற புள்ளைங்களுக்கு நோட்ஸே தேவப்படாது. குரல் நல்லா இருக்குற பையன விட்டு நடிச்சு வாசிக்க வைங்க.

கொட்டகலை டீச்சர்:
அதுக்கு ஒருத்தன் இருக்கான், காமன் கூத்துல வேசம் கட்டுறவன். திங்கக்கெழம 6ஆவது சாப்டர், புதங்கெழம 16. புத்தகம் எல்லாருக்கும் இல்ல, யாராச்சும் பிடிஎஃப் இருந்தா போடுங்க.

பதுளை கிழவன்:
குட்டன்பர்க் தளத்துல இலவசமா கெடக்கு டீச்சர், காப்பிரைட் எப்பவோ முடிஞ்சிருச்சு. மொத பதிப்புல வந்த கெம்பிளோட படங்களோட இருக்குறத பாத்து எறக்குங்க.