மறு: நிட்டிங், குரோஷே - இரண்டுக்கும் ‘பின்னல்’ போதுமா?

வணக்கம். நிட்டிங் (ஊசியால் நூலைப் பின்னுவது), குரோஷே (கொக்கியால் பின்னுவது) இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், நண்பர்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> நிட்டிங்குக்கு ஊசிப்பின்னல், குரோஷேவுக்குக் கொக்கிப்பின்னல் என்று வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

போன வாரம் வரை நானும் இதே கட்சிதான். விடுமுறைக்கு எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக ஒரு செய்முறைத் தாள் எழுதினேன். பழைய பனியனை அக்குளுக்குக் கீழே வெட்டி, உடல் பகுதியைக் குறுக்குவாட்டில் ஓர் அங்குல அகலத்துக்கு நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தால் ஓரங்கள் தாமாகவே சுருண்டு தடித்த நூலாகிவிடும். அதை வைத்து விரலாலேயே பின்னிக் கால்மிதியோ பை வாரோ செய்யலாம், கடைக்கே போக வேண்டாம். தலைப்பில் ‘விரல் ஊசிப்பின்னல்’ என்று போட்டிருந்தேன். ஒரு சிறுமி வாசித்துவிட்டு, “ஊசி எங்க அத்தை?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அன்றைக்கே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

நிட்டிங்கை ஊசியால் செய்யலாம், விரலால் செய்யலாம், பலகையில் வரிசையாக ஆணி அடித்தும் செய்யலாம். கருவியை வைத்துப் பெயர் சூட்டினால் இதுதான் சிக்கல். அப்புறம் எதை வைத்துச் சூட்டுவது? கண்ணியை, அதாவது நூல் வளையத்தை, வைத்து என்பது என் கருத்து. விரலில் பின்னும்போது நான்கு விரலிலும் ஆளுக்கொரு கண்ணி காத்துக்கொண்டிருக்கும். நூலை இன்னொரு சுற்றுச் சுற்றி, கீழே இருக்கும் கண்ணியைத் தூக்கி மேலே இருப்பதைத் தாண்டி விரலுக்குப் பின்னால் விட வேண்டும். ஒரு விரலிலிருந்து கண்ணி நழுவினால் அந்த இடம் ஏணி மாதிரி கீழ்வரை அவிழ்ந்துகொண்டே போகும். குரோஷேயில் அப்படியில்லை. பொதுவாக எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணிதான்; பாதியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம்.

ஆகவே நிட்டிங் = நிரைப்பின்னல் (கண்ணிகள் நிரையாக நிற்பதால்), குரோஷே = கொளுவுப்பின்னல். ‘விரல் நிரைப்பின்னல்’ என்றால் இப்போது யாரும் ஊசியைத் தேட மாட்டார்கள். கொக்கி என்பது பொருளின் பெயர், கொளுவுதல் (மாட்டுதல்) செயல். விரலை மடக்கியும் நூலைக் கொளுவலாம்.

> ‘சட்டையை ஆணியில் கொளுவு’ என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வோம். ஆனால் சண்டை கொளுவுவதும் உண்டே!

இலங்கை நண்பர் சொல்வது சரி. அதனால்தான் ‘கொளுவல்’ என்று தனியே விடாமல் பின்னலைச் சேர்த்தேன். சேர்த்துச் சொன்னால் சண்டை ஞாபகம் வராது என்று நினைக்கிறேன்.

> திருப்பூர்க்காரர்கள் ‘பின்னலாடை’ என்று எப்போதோ நிலைநிறுத்திவிட்டார்களே, பின்னல் என்றாலே நிட்டிங்தானே?

பின்னலாடை அப்படியே இருக்கட்டும், அதில் கை வைக்க நமக்கு உரிமையில்லை. பனியன் துணியும் நிரைப்பின்னல்தான், கண்ணிகளை இயந்திரம் கோக்கிறது. துண்டை இழுத்தால் சுருள்வதும் அந்தக் கண்ணியமைப்பால்தான், வேட்டித் துணியைக் கிழித்து இழுத்துப் பாருங்கள், சுருளாது. ஆனால் தனியாகப் ‘பின்னல்’ என்றால் சடைப்பின்னலும் அதுதான், கூடைப்பின்னலும் அதுதான். செய்முறை எழுதும்போது அது போதவில்லை.

துணைச்சொற்களுக்கு நான் வைத்திருப்பவை: முதல் வரிசையை விரலிலோ ஊசியிலோ போடுவது கண்ணி ஏற்றுதல், கடைசியில் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததற்குள் இழுத்து அவிழாமல் செய்வது கண்ணி பூட்டுதல். நிட்டிங்கின் அடிப்படைக் கண்ணிகளான நிட், பர்ல் இரண்டும் ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும்தான்: முன்னால் ‘V’ வடிவம் (தலைகீழ்க் கூரை என்று சொல்லிப் பார்த்தேன்), பின்னால் சின்ன மேடு. நேர்க்கண்ணி, மறுகண்ணி என்று எழுதியிருக்கிறேன், மறுகண்ணியில் எனக்கே முழுத் திருப்தியில்லை. பர்லுக்கு ‘மேட்டுக்கண்ணி’ பரவாயில்லையா? தாளை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் சொல்லுங்கள்.