சைலன்சர் உடைந்துவிட்டது, எதை வைத்து ஒட்டுவது? அவசரம்

ஈசல்46 (வெள்ளி இரவு 10.12)
வணக்கம். என் ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானத்தின் சைலன்சரில் விரிசல் விட்டு எண்ணெய் ஒழுகுகிறது, ஒரு பக்க இறக்கை முழுக்கக் கருப்பு. மேலே ஏற்றினால் இன்ஜினும் நின்றுவிடுகிறது, போன வாரம் சோளக்காட்டுக்குள் இறக்கித் தேடி எடுத்தோம். எதை வைத்து ஒட்டினால் நிற்கும்? ஞாயிறு காலை பறக்க வேண்டும். புதிது வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள், வருவதற்கு மூன்று வாரம் ஆகுமாம்.

தும்பி
என்ன இன்ஜின்? டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? மெத்தனாலில் ஓடும் க்ளோவா, பெட்ரோலா? விரிசல் எங்கே, இன்ஜினோடு சேரும் காதிலா, உடம்பிலா, வால் பக்கமா? ஒரு படம் போட்டால் பாதி வேலை முடிந்தது.

லேத்பட்டறை
ஒட்டுகிற வேலையே வேண்டாம் தம்பி. ஆர்கான் வெல்டிங் வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள், டீ குடித்து முடிப்பதற்குள் கையில் வந்துவிடும். எங்களிடம் மாதம் நாலு பைக் இன்ஜின் கேஸாவது வருகிறது, எல்லாம் அலுமினியம்தான்.

பழையஆசாமி
முதலில் அது சைலன்சர் இல்லை, மஃப்ளர். பெயரே தெரியாமல் ரிப்பேருக்கு வந்தால் பதில் சொல்பவர்கள் என்னதான் செய்வது. இரண்டாவது, ஆர்கான் என்று ஒருவர் சொல்கிறார். இது மெல்லிய வார்ப்பு, வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்த வார்ப்பு. டார்ச் பட்டதும் உள்ளே ஊறியிருக்கும் எண்ணெய் கொதித்து மேலே வரும், வெல்டு முழுக்கப் பொத்தல் விழும். இங்கே நான் பத்து தடவை எழுதிவிட்டேன், தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

தும்பி
ஐயா, எங்கள் ஊரில் மஃப்ளர் என்றால் மார்கழியில் காதைச் சுற்றிக் கட்டுவது. சைலன்சர் என்றே இருக்கட்டும், எல்லோருக்கும் புரிகிறது.

லேத்பட்டறை
எண்ணெய் ஊறியதை அப்படியே வெல்டு அடிக்க நாங்கள் என்ன நேற்று பட்டறை வைத்தவர்களா? அடுப்பில் வைத்துப் புகை நிற்கும் வரை சுட்டு, பிரஷ் போட்டு, அப்புறம்தான் டார்ச்.

வெள்ளைவால்
ஜேபி வெல்ட் என்ற எபாக்ஸி பசையைப் போட்டுப் பாருங்கள். சாதாரண ட்யூப்தான், ஐந்து நிமிஷத்தில் காயும் வகை வேண்டாம். 550 ஃபாரன்ஹீட் தாங்கும் என்கிறார்கள், அதாவது ஏறத்தாழ 287 டிகிரி. ஒட்டுமுன் அசிட்டோன் போட்டு நன்றாகத் துடைத்து, எமரி தாளால் சொரசொரப்பாக்கிவிட்டு, ஒரு முழு நாள் காய விடுங்கள். என் பழைய 40 சைஸ் (0.40 கன அங்குலம்) இன்ஜினில் இரண்டு சீசன் நின்றது. வால் பக்கம்தான், அங்கே சூடு குறைவு. இன்ஜின் பக்கம் என்றால் என்னைத் திட்டக் கூடாது.

காற்றாடி_செல்வம்
யாரும் காரணத்தைக் கேட்கவில்லையே. சைலன்சர் சும்மா உடையாது. ப்ராப், அதாவது முன்விசிறி, அதன் பேலன்ஸ் பார்த்தீர்களா? இன்ஜின் மவுண்ட் போல்ட் லூஸா? அதிர்வு போகாமல் எதை ஒட்டினாலும் மறுபடி அங்கேயே விடும்.

பழையஆசாமி
எல்லாவற்றுக்கும் உங்களுக்கு ப்ராப் பேலன்ஸ்தான். போன மாதம் ஒருவருடைய ரிசீவர் பேட்டரி இறங்கியதற்கும் அதையே சொன்னீர்கள்.

காற்றாடி_செல்வம்
அதிலும் அதிர்வில் கனெக்டர் தளர்ந்திருந்தது. கடைசியில் அவரே வந்து சொன்னார், நீங்கள்தான் படிக்கவில்லை.

வெள்ளைவால்
இறக்கை கருப்பு என்றால் என்ன எரிபொருள்? மசகுக்கு விளக்கெண்ணெய் கலந்ததா, சிந்தெடிக்கா? சிலர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி ஊற்றுகிறார்கள், அதுவாக இருந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

எண்ணெய்ச்செட்டி
நாட்டு மருந்துக் கடை எண்ணெய்க்கு என்ன குறை? ஆறு வருஷமாக அதைத்தான் கலக்கிறேன். முதல் உலகப் போரில் சாப்வித் கேமல் போர் விமானத்தின் ரோட்டரி இன்ஜினே விளக்கெண்ணெயில்தான் ஓடியது. காஸ்ட்ரால் என்ற பெயரே காஸ்டர் எண்ணெய், அதாவது விளக்கெண்ணெயிலிருந்து வந்ததுதான்.

பழையஆசாமி
கேமலில் ஊற்றியது செக்கில் பிழிந்து பிசின் நீக்கிய எண்ணெய். நீங்கள் வாங்குவது விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்து மேலாக இறக்கியது. பாட்டி குழந்தைக்குக் கொடுக்க நல்லது. மெத்தனாலில் போட்டால் ஈரமும் கசடும் சேர்ந்து வரும், பிஸ்டன் வளையம் வார்னிஷ் பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

எண்ணெய்ச்செட்டி
ஒட்டவில்லை. ஆறு வருஷம் என்று எழுதியதைப் படித்தீர்களா?

வெள்ளைவால்
இரண்டு பேரும் பாதி சரி. லீனாக, அதாவது எரிபொருள் போதாமல் ஓடி இன்ஜின் சுட்டுப்போனால் கடைசி வரை காப்பாற்றுவது விளக்கெண்ணெய்தான், சிந்தெடிக் அதற்கு முன்பே கைவிட்டுவிடும். கம்பியில் பிடித்துச் சுற்றிப் பறக்கவிடும் கன்ட்ரோல் லைன் வேகப் போட்டியில் இன்றும் 80 பங்கு மெத்தனால், 20 பங்கு காஸ்டர்தான் சட்டப்படி. நம் மாதிரி ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்குச் சிந்தெடிக்கோடு கொஞ்சம் காஸ்டர் கலந்ததே போதும், துடைப்பதும் சுலபம்.

மின்விசிறி
இதற்குத்தான் பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் மோட்டார் என்று ஒன்று இருக்கிறது. நன்றி.

லேத்பட்டறை
இதோ வந்துவிட்டார்.

தும்பி
கேள்வி கேட்டவர் எங்கே? நாம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஈசல்46 (சனி மதியம் 1.35)
மன்னிக்கவும், நேற்று ஷிஃப்ட். 46 சைஸ், டூ ஸ்ட்ரோக், க்ளோ. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எரிபொருள் டப்பாவில் வருவது, 10 சதவீத நைட்ரோ. படம் ஏறவில்லை. விரிசல் சைலன்சரின் நடுவில், சுற்றிலும் ஒரே கோடு, கத்தியால் கீறியது போல. அந்தக் கோட்டிலிருந்துதான் கருப்பாக வருகிறது. அப்புறம் பின்னால் ஒரு நட் இருக்கிறது, அது என்ன என்று தெரியவில்லை, ஆடுகிறது.

தும்பி
சுற்றிலும் ஒரே கோடா? அண்ணா, அது விரிசல் இல்லை. இந்த வகைச் சைலன்சர் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டு. நடுவில் ஒரு நீள போல்ட் ஊடே போய் இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும். புகை வாயை வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பின்னால் ஆடுகிற நட் அந்தப் போல்ட்டுடையது. அது தளர்ந்தால் இரண்டு துண்டும் ஒன்றோடொன்று உரசி அலுமினியப் பொடி உதிரும், அது எண்ணெயில் கலந்து மை மாதிரி வழியும். இறக்கையில் இருப்பதைத் துடைத்து விரலில் தேய்த்துப் பாருங்கள், சாம்பல் பளபளப்பு தெரியும்.

பழையஆசாமி
இதைத்தான் முதலில் சொல்ல வந்தேன். விவரம் கொடுக்காததால் சொல்லவில்லை.

தும்பி
சரி ஐயா.
ஈசல், இப்படிச் செய்யுங்கள். இன்ஜின் ஆறியதும் சைலன்சரைக் கழற்றி, நட்டை எடுத்துத் துண்டுகளைப் பிரியுங்கள். கண்ணாடி மேல் 400 நம்பர் எமரி தாளை ஈரமாக்கி வைத்து, சேரும் முகம் இரண்டையும் எட்டு போடுவது போல் தேய்த்துச் சமப்படுத்துங்கள். கழுவி, போல்ட் மரையில் எண்ணெய் துளிகூட இல்லாமல் துடைத்துவிட்டு, சூடு தாங்கும் சிலிக்கான் மெல்லிசாகத் தடவி மூடுங்கள். அள்ளி அப்பினால் மிச்சம் உள்ளே பிதுங்கும். காஸ்டிக் சோடா போட்டுக் கழுவாதீர்கள், அலுமினியத்தையே தின்றுவிடும்.
நட்டுக்கு மரையில் போடும் நீலப் பசை லாக்டைட்டை நம்ப வேண்டாம், 180 டிகிரி தாண்டினால் பிடி போய்விடும். ஒரு டேங்க் ஓட்டிவிட்டு, சூட்டோடு இன்னொரு தடவை முறுக்க வேண்டும், கையுறை போட்டு. பலரும் விடுவது இதைத்தான்.
மாட்டுவதற்கு முன் ஒன்று. சைலன்சரிலிருந்து டேங்குக்கு ட்யூப் போகும் சின்னக் குழாய், அந்த நிப்பிளில் ஒரு சிரிஞ்சை மாட்டி, மற்ற ஓட்டைகளை ரப்பரால் அடைத்து, தண்ணீரில் முக்கி அழுத்துங்கள். குமிழ் வரும் இடம்தான் கசிவு.

காற்றாடி_செல்வம்
ப்ராப்பையும் பாருங்கள்.

ஈசல்46 (சனி இரவு 8.50)
சாம்பல் பளபளப்பு இருந்தது. துண்டு பிரிந்தது. தேய்த்தேன். ஆனால் சிரிஞ்ச் அழுத்தினால் உள்ளேயே போகவில்லை, பிஸ்டன் எம்பித் திரும்பி வருகிறது. குமிழே இல்லை. அப்படியென்றால் கசிவு இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

வெள்ளைவால்
காற்றே உள்ளே போகாதபோது கசிவு எப்படித் தெரியும்? நிப்பிள் அடைத்திருக்கிறது. அதில் ஏதாவது செய்தீர்களா?

ஈசல்46
இரண்டு வாரம் முன் நிப்பிள் அடியிலும் கசிவது போலிருந்தது. கழற்றி, குழாய் ஒழுகினால் பிசைந்து வைப்பார்களே அந்தப் பசை, புட்டி, அதை மரையில் வைத்து முறுக்கினேன். கோட்டின் மேலும் கொஞ்சம் பூசினேன், அது அன்றே கருகி உதிர்ந்துவிட்டது. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

லேத்பட்டறை
அடப்பாவி.

தும்பி
இன்ஜின் நிற்க ஆரம்பித்தது அதற்கு முன்பா, பின்பா?

ஈசல்46
பின்பு.

தும்பி
கதை முடிந்தது. உங்கள் டேங்கில் இரண்டு ட்யூப்தானே? ஒன்று கார்புரேட்டருக்கு, இன்னொன்று இந்த நிப்பிளுக்கு. டேங்க் மூச்சு விடுவதே நிப்பிள் வழியாகத்தான், சைலன்சரின் அழுத்தமும் அதே வழியில்தான் போய் எரிபொருளைத் தள்ளுகிறது. மூக்கைத் தூக்கி ஏறும்போது டேங்க் கீழே போய்விடும், அப்போதுதான் அந்த அழுத்தம் அதிகம் தேவை. நீங்கள் மூக்கைப் பொத்திவிட்டு ஓடச் சொல்கிறீர்கள். தரையில் கொஞ்ச நேரம் ஓடும், டேங்கில் மிச்சக் காற்று இருக்கும் வரை.
நிப்பிளைக் கழற்றி, சின்ன ட்ரில் பிட்டைக் கையாலேயே திருப்பிப் புட்டியைச் சுரண்டி எடுங்கள், மோட்டார் வேண்டாம். சைலன்சர் பக்கத்து ஓட்டையையும் பாருங்கள், உதிர்ந்த துண்டு உள்ளே கிடந்தால் மறுபடி வந்து அடைக்கும். அப்புறம் கார்புரேட்டரில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் நீடிலை முன்பு இருந்த இடத்தில் வைக்காமல், ரிச், அதாவது எரிபொருள் கூடும் பக்கமாகத் திறந்து ஆரம்பியுங்கள். அடைப்போடு ஓட்டி நீங்கள் வைத்த செட்டிங் எல்லாம் இப்போது பொய்.

எண்ணெய்ச்செட்டி
லீனாக இத்தனை ஓட்டம் ஓடியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அந்த டப்பாவில் காஸ்டர் இருக்கிறது. நான் சொன்னதுதான்.

பழையஆசாமி
அது டப்பா காஸ்டர். உங்கள் பாட்டி காஸ்டர் இல்லை.

எண்ணெய்ச்செட்டி
பாட்டியை இழுக்காதீர்கள்.

ஈசல்46 (ஞாயிறு காலை 11.20)
நான்கு டேங்க் ஓடியது, ஒரு தடவையும் நிற்கவில்லை. இறக்கை சுத்தம். எல்லோருக்கும் நன்றி, சாப்பிடப் போகிறேன்.

தும்பி
நல்லது. சூட்டோடு நட்டை இன்னொரு முறை முறுக்கினீர்களா?

தும்பி (செவ்வாய்)
ஈசல்?

காற்றாடி_செல்வம்
ப்ராப் பேலன்ஸும் பார்த்திருக்க மாட்டார்.